உங்கள் இசைத்தட்டுகளை நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவது எப்படி

அலுமாரி நிறைய இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் திருகோணமலையில் இன்னும் இருக்கிறார்கள், உங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் இருக்கலாம். ஆனால் அவர்களில் பலர் அவற்றை யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. கீறல் விழும், இரவல் கேட்பார்கள், இந்தக் காலத்தில் இதை யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். நானும் பத்து வருடம் அப்படித்தான் பூட்டி வைத்திருந்தேன். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, சில வேளை போயா (பௌர்ணமி) லீவு அன்று, பின்னேரம் நாலரைக்கு விறாந்தையில் பிளேயரை வைத்து ஆறேழு பேருக்குப் பாட்டுப் போடுகிறேன். அதைச் செய்து செய்து பிடிபட்ட விஷயங்களை இங்கே எழுதுகிறேன், எங்கே பிழைக்கும் என்பதையும் சேர்த்து.

என்னிடம் இருப்பது நூற்றிருபது சொச்சம் தட்டுகள். பாதிக்கு மேல் சித்தப்பாவுடையவை. எண்பதுகளின் தொடக்கம் வரை கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர் அவர். குழாய் ஸ்பீக்கர் இரண்டு, அம்பிளிபயர் ஒன்று, ஒரு மரப்பெட்டி நிறைய றெக்கோட், அவ்வளவுதான் அவருடைய தொழில். திருக்கடலூரில் இருந்த அந்த வீட்டுக்குள் 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. மேல் தட்டில் இருந்தவை தப்பின, கீழே இருந்தவற்றின் மட்டை உறைகள் கூழாகிவிட்டன. வினைல் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது, உப்பையும் சேற்றையும் கழுவி எடுத்தால் பாடும். ஆனால் நடுவில் இருக்கும் லேபிளில் எழுத்து அழிந்துபோய் ஒன்பது தட்டுகள் பெயரில்லாமல் நின்றன. லேபிளை ஒட்டியுள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை வைத்துச் சிலவற்றைக் கண்டுபிடித்தேன், சிலவற்றைப் போட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். ஒன்று மட்டும் கடைசி வரை என்ன பாட்டென்று தெரியவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவர், அது பாடத் தொடங்கி இரண்டாவது வரி வருவதற்குள் மூன்றாவது வரியைப் பாடிவிட்டார். படத்தின் பெயர், அதைத் தான் பார்த்த தியேட்டர், கூடப் போன மச்சாள், எல்லாம் சொன்னார். பத்து வருடமாக நான் தேடியது மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் கதிரைகளை வெளியில் எடுத்துப் போட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

எதைப் போடுவது

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். உங்களிடம் இருப்பதிலேயே கிடைப்பதற்கு அரிதான தட்டைப் போட வேண்டும் என்று கை துருதுருக்கும். வேண்டாம். அரிதானது உங்களுக்குத்தான் அரிது, வந்திருப்பவருக்கு அது ஒரு தெரியாத பாட்டு. வருபவர் யார், எந்த வயது, எந்த ஊர், எந்தக் கோயில், எந்தப் பள்ளிவாசல் என்று யோசித்து அவருக்காக ஒன்று எடுத்து வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தால் போதும், மற்றவை தானாக நடக்கும்.

நேரக் கணக்கு முக்கியம். 1948இல் கொலம்பியா கொம்பனி கொண்டுவந்த பன்னிரண்டு அங்குல எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ தரம் சுற்றும், ஒரு பக்கம் கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஓடும். அடுத்த வருடம் ஆர்.சி.ஏ. கொண்டுவந்த ஏழு அங்குலத் தட்டு 45 சுற்று. நம் வீடுகளில் அதிகம் இருக்கும் சினிமாப் பாட்டு ஈ.பி. இந்த ஏழு அங்குல வகைதான், பக்கத்துக்கு இரண்டு பாட்டு, ஆறேழு நிமிடம். பழைய 78 சுற்றுத் தட்டு பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஒரே ஒரு பாட்டு. இரண்டு மணித்தியாலப் பின்னேரத்துக்கு எல்.பி. பக்கம் மூன்றும் ஈ.பி. பக்கம் நாலும் எடுத்தால் கதைக்கவும் தேத்தண்ணி குடிக்கவும் நேரம் மிஞ்சும். முதல் தடவை நான் பதினாலு எல்.பி. எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, அரைப் பாட்டு என்று போட்டு எல்லோரையும் களைக்க வைத்தேன். அன்று வந்த ஒருவருக்கும் எதைக் கேட்டோம் என்று நினைவில்லை.

ஒரு பக்கத்தைத் தொடங்கினால் அந்தப் பக்கத்தை முடியுங்கள். நான் கண்டிப்பாகச் சொல்லும் ஒரே விஷயம் இதுதான். கைபேசியில் பாட்டைத் தாண்டித் தாண்டிப் போகிற பழக்கத்தில் இளையவர்கள் "அடுத்ததைப் போடுங்கோ மாமா" என்பார்கள். பொறுங்கள் என்று சொல்லுங்கள். நடுவில் ஊசியைத் தூக்கி வைக்கும்போதுதான் பெரும்பாலான கீறல்கள் விழுகின்றன என்பது ஒன்று. மற்றது, ஒரு பக்கத்தின் முதல் பாட்டுக்காக உட்கார்ந்தவர் நாலாவது பாட்டைக் கேட்டு நிமிர்வதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், அந்த நாலாவது பாட்டை அவர் தானாகத் தேடிப் போயிருக்க மாட்டார்.

நான் எப்போதும் நாதஸ்வரத்தில்தான் தொடங்குவேன். சித்தப்பாவும் அப்படித்தான், விடிய நாலரைக்கு மைக் போட்டால் முதல் தட்டு நாதஸ்வரம்தான், அதற்குப் பிறகுதான் சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு எல்லாம். காருகுறிச்சி அருணாசலம் 1964இல் காலமானார், அவர் வாசித்தது இன்றைக்கும் தட்டில் இருக்கிறது. அதைப் போட்டால் வாசலில் நிற்பவர்கூட வந்து உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு தவில் கதை வரும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்ற பெயரைச் சொன்னவுடன் எழுபது வயதுக்காரர்களின் முகம் மாறும். அவர் போனது 1975இல். அவரை நேரில் கேட்டவர் யாராவது அங்கே இருந்தால் அடுத்த கால் மணித்தியாலம் நீங்கள் ஒன்றும் போட வேண்டாம், அவர் சொல்வதைக் கேளுங்கள். பிளேயரை நிறுத்தி வையுங்கள், பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அவர் சுருக்கமாக முடித்துவிடுவார்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், 1963இல் வந்த எல்.பி., கிட்டத்தட்ட எல்லோர் வீட்டிலும் இருந்த தட்டு. அதைப் போடச் சொல்லிக் கேட்பார்கள். நான் பின்னேரத்தில் போடுவதில்லை. அது விடியற்காலைக்கு உரியது. ஆசையாகக் கேட்ட ஒரு அன்ரிக்கு இன்னொரு நாள் காலை ஐந்தரைக்கு வாருங்கள் என்றேன், வந்தார், இருட்டில் தனியாக உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டுப் போனார்.

நம் ஊரில் வட்டமாக உட்கார்ந்தால் அந்த வட்டத்தில் எல்லோரும் இருப்பார்கள், தட்டும் அதற்கேற்றாற்போல் இருக்க வேண்டும். கிண்ணியாவில் இருந்து வரும் என் நண்பர் ஒருவர், அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், முதல் நாள் வந்தபோது கேட்ட முதல் கேள்வி "ஹனிபா இருக்கா தம்பி?" இருந்தது. நாகூர் ஹனிபாவின் ஈ.பி. ஒன்று சித்தப்பாவின் பெட்டியிலேயே இருந்தது, கந்தூரிக்கும் அவர்தானே மைக் கட்டினார். அந்தக் கணீர் குரல் விறாந்தையில் ஏறியதும் காக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, 2009இல் பாலம் திறப்பதற்கு முந்திய நாட்களில் பாதையில், அதாவது மிதவைப் படகில், கடந்து வரும்போது அக்கரைக் கடையில் இந்தப் பாட்டு ஓடுவது தண்ணீருக்கு மேலால் கேட்கும் என்று சொன்னார். சிங்கள நண்பர் ஒருவருக்காக, சூரியா லேபிளில் அறுபதுகளின் கடைசியில் வந்த, சிங்களப் பாடகர் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் 45 தட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் அவர் மட்டுமா பாடுகிறார், எங்கள் ஆட்களும் சேர்ந்துதான் பாடுகிறார்கள். நம்முடைய பொப் பாட்டுகளையும் மறக்காதீர்கள். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் பாடியவை எந்த வடிவில் கிடைத்தாலும் ஒன்று வையுங்கள். பின்னேரம் முடியப் போகிற நேரத்துக்கு அதுதான் சரி.

கதைவசனத் தட்டுகள் இருந்தால் ஒன்றை மட்டும் எடுங்கள். சிவாஜியின் புராணப் பட வசனம் ஓடினால் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் கூடவே பேசுவார்கள், சின்னப் பிள்ளைகள் அதை வாயைப் பிளந்து பார்ப்பார்கள். இரண்டு போட்டால் அலுத்துவிடும்.

பிளேயரும் ஊசியும்

வெளிநாட்டில் இருந்து உறவினர் அனுப்பிய பிளேயர் என்றால் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் வாசியுங்கள். கனடா, அமெரிக்கப் பிளேயர் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் புகைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வாங்கிப் போடுவார்கள். டிரான்ஸ்போமர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. பழைய ஏ.சி. மோட்டர் அந்த ஹேர்ட்ஸை வைத்துத்தான் சுற்றுகிறது, ஆகவே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், 33⅓ சுற்ற வேண்டியது 28க்கும் குறைவாகச் சுற்றும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். எனக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த பிளேயரில் பி. சுசீலாவின் குரல் யாரோ ஒரு ஆணின் குரலாகக் கேட்டது, தட்டில்தான் பிழை என்று இரண்டு மாதம் அதையே கழுவிக்கொண்டிருந்தேன். டி.சி. மோட்டர் உள்ள பிளேயர், குவாட்ஸ் பூட்டுள்ள டைரக்ட் டிரைவ் பிளேயர் (மோட்டரே தட்டை நேராகச் சுற்றும், வேகத்தைக் குவாட்ஸ் படிகம் காக்கும்) என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, சரியான அடப்டர் போதும். வாங்கி அனுப்பச் சொல்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சூட்கேஸ் வடிவில் வருகிற மலிவான பிளேயர்களைப் பற்றிக் கேட்பார்கள். அவற்றில் பலவற்றின் ஊசி ஐந்து ஆறு கிராம் பாரத்தில் தட்டை அழுத்தும். நல்ல மெக்னெட் காட்ரிஜ், அதாவது ஊசி பூட்டியிருக்கும் தலை, ஒன்றரையில் இருந்து இரண்டரை கிராமில் வேலை செய்யும். புதுத் தட்டைப் பழகிப் பார்க்கச் சூட்கேஸ் பரவாயில்லை, சித்தப்பாவின் தட்டை அதில் வைக்க எனக்கு மனம் வராது. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிப் பாரத்தை அளந்து பாருங்கள், கண்மதிப்பில் விடாதீர்கள். குறைத்து வைத்தால் நல்லது என்று நினைப்பதும் பிழை. பாரம் போதாமல் ஊசி பள்ளத்துக்குள் துள்ளினால் அதுவும் தட்டை அரிக்கும்.

வைர ஊசி ஐந்நூறில் இருந்து ஆயிரம் மணித்தியாலம் வரை தாங்கும். என் பிளேயருக்கு ஒரு தடவை கொழும்பில் ஒரு கடையில் ஊசி வாங்கினேன், வைரம் என்றுதான் தந்தார்கள், மூன்று மாதத்தில் "ஸ்" எழுத்து வரும் இடமெல்லாம் மண் அரைப்பதுபோல் இரைந்தது. அதற்குப் பிறகு ஊசி வாங்கினால் காட்ரிஜ் இலக்கத்தைச் சொல்லி, பெட்டி திறக்காததை மட்டும் வாங்குகிறேன். வாங்கிய திகதியை ஒரு துண்டில் எழுதிப் பிளேயருக்கு அடியில் ஒட்டிவிடுங்கள்.

78 தட்டுக்கு வேறு ஊசி வேண்டும். அதன் பள்ளம் அகலம், எல்.பி. ஊசி அதன் அடியில் விழுந்து இழுபட்டுச் சத்தம் மட்டும்தான் வரும். கையால் முறுக்குகிற கிராமபோன் பெட்டி இருந்தால் கரண்ட் போன நேரத்துக்கு அது அருமை, ஆனால் இரும்பு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும், அதில் எல்.பி.யை ஒருபோதும் வைக்கக் கூடாது, ஒரே ஓட்டத்தில் சீவி எடுத்துவிடும்.

கடற்காற்று நமக்கென்று ஒரு தனிப் பிரச்சினை. காட்ரிஜுக்குப் பின்னால் நாலு சின்னப் பித்தளைக் குச்சிகள் இருக்கும், நாலு நிறத்தில் கம்பி போகும். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடினால் அம்பிளிபயரைக் கழற்ற முன்னம் இந்தக் குச்சிகளைப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருக்கும். கம்பியை மெதுவாக இழுத்தெடுத்து, பள்ளிக்கூட அழிறப்பரால் குச்சியைத் தேய்த்துவிட்டு மாட்டினால் பத்தில் எட்டுத் தடவை சரியாகிவிடும். எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

பிளேயரின் கம்பியை அம்பிளிபயரில் "போனோ" என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து வெட்டுகிறார்கள், கேட்கும்போது அதைத் திரும்பத் தூக்க வேண்டும், அந்த வேலையைச் செய்வது போனோ சுற்றுத்தான். அது இல்லாத அம்பிளிபயர் என்றால் தனியாக ஒரு போனோ பிரீ-அம்ப் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தவிலே இல்லாத கச்சேரி மாதிரிக் கேட்கும்.

கழுவுவது

முதல் நாளே செய்யுங்கள், ஆட்கள் வந்த பிறகு துடைக்க நிற்காதீர்கள். நம் கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். காய்ந்த பிறகு உப்பும் சுண்ணாம்பும் பள்ளத்துக்குள் தங்கிவிடும், பொரிகிற சத்தம் கூடும். வாகன பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் போத்தலில் கிடைக்கும், அது நல்லது, ஆனால் பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில்தான் விற்கிறார்கள், லேபிளை இரண்டு தரம் வாசித்து எடுங்கள். ஒரு லீற்றருக்கு இரண்டு சொட்டுப் பீங்கான் கழுவும் திரவம் போதும். லேபிளை நனையவிடாமல் பிடித்துக்கொண்டு, மென்மையான பருத்தித் துணியால் பள்ளம் ஓடுகிற திசையில் வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே துடைக்க வேண்டாம். பிறகு வெறும் வடித்த தண்ணீரால் ஒரு தரம் அலசி, பீங்கான் அடுக்கும் கம்பித் தட்டில் நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம்தான். 78 தட்டு அரக்கில் செய்தது, அதில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், ஈரத்துணியால் ஒற்றி உடனே உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மார்கழி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். சாம்பல் நிறத்தில் பூப்பூவாகத் தெரியும். அப்படி ஒரு தட்டை யாராவது கொண்டுவந்தால் கழுவாமல் உங்கள் ஊசிக்கு அடியில் வைக்காதீர்கள், அந்த உறையை உங்கள் தட்டுகளோடும் சேர்த்து அடுக்காதீர்கள். மழைக்காலம் முழுக்க அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைக்கிறேன், வாரத்தில் ஒரு நாள் கதவைத் திறந்து காற்றாடியைப் போட்டு விடுகிறேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எதிர்ப் பிரச்சினை, தூசி. அப்போது விறாந்தையைக் கழுவி ஈரம் காயும் முன் தொடங்கினால் நல்லது, பிளேயரை மட்டும் வாசலுக்கு நேரே வைக்காதீர்கள்.

ஆட்கள் வந்த பிறகு

நாலரைக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு நிறுத்தலாம். அதுதான் சரியான நேரம், ஏனென்றால் அப்போது விளக்கு வைக்கிற நேரம், பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்கிற நேரம். பாங்கு சொல்லும்போது பாட்டு ஓடக் கூடாது, காக்கா தொழப் போய் வரும் வரை வடையும் பிளேன்ரீயும் கச்சான் கடலையும். பிறகு இருட்டில் இன்னும் அரை மணித்தியாலம். அந்தக் கடைசி அரை மணித்தியாலத்தில்தான் ஆட்கள் வாய் திறந்து பாடுவார்கள், லைட்டைப் போடாதீர்கள். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா நாட்களில் வைக்க வேண்டாம், யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது.

பிளேயரைத் தனி மேசையில் வையுங்கள், ஸ்பீக்கரை அதே மேசையில் வைத்தால் அதிர்வு ஊசிக்கு ஏறி ஊளையிடும். மட்டம் பார்க்க ஒரு தண்ணீர்க் கிளாஸ் போதும். சத்தம் எவ்வளவு என்றால், பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் ஒரு வார்த்தை சொல்ல முடிகிற அளவு.

ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் இரண்டு மூன்று வசனம் பேசுங்கள், அதற்கு மேல் வேண்டாம். யார், எந்த வருடம், இந்தத் தட்டு என் கைக்கு எப்படி வந்தது. மூன்றாவதுதான் முக்கியம். வருடத்தையும் இசையமைப்பாளரையும் எவரும் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம், இந்தத் தட்டு 1957இல் வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஒரு வீட்டுப் பொருட்களோடு ஏலத்தில் வந்தது என்பதை நீங்கள் சொன்னால்தான் தெரியும். என்னிடம் அப்படி இரண்டு ஆங்கில நடனத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் போடுவது குறைவு, கதையைச் சொல்லி உறையைக் கையில் கொடுப்பேன்.

உறையைச் சுற்றிவிடுங்கள், தட்டை அல்ல. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதை யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தட்டைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். எட்டு வயதுப் பெறாமகள் ஒருத்தி வந்திருந்தாள், ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் விளிம்பை மட்டும் பிடிக்கக் காட்டினேன். பிறகு ஊசியை இறக்கும் லிவரை இயக்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன். கை நடுங்கியது, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள், ஊசி பள்ளத்தில் விழுந்து அந்தச் சின்னப் பொரிச் சத்தம் வந்தது, பாட்டு வர முன்னமே சிரித்துவிட்டாள். அவளுக்கென்று நான் எடுத்து வைத்தது ஒரு பழைய கீறல் விழுந்த ஈ.பி., நீங்களும் பழகக் கொடுக்க அப்படி ஒன்று ஒதுக்கி வையுங்கள்.

யாராவது அழுதால் ஒன்றும் சொல்லாதீர்கள். நம் ஊரில் ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் போனவர்கள் இருக்கிறார்கள். பக்கம் முடிந்ததும் உடனே அடுத்ததைத் தூக்கி வைக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள்.

வருபவர்களும் கொண்டுவரட்டும். "உங்களிடம் இருப்பதில் ஒன்று கொண்டுவாருங்கள், பிளேயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லியே கூப்பிடுங்கள். பலரிடம் பிளேயர் செத்துப் போய் முப்பது வருடமாகத் தட்டு மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். நிலாவெளியில் இருந்து ஒரு ஐயா பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தது அவருடைய கலியாணத்துக்குப் போட்ட நாதஸ்வரத் தட்டு. அதைக் கழுவிப் போட்டு முடிக்க ஒரு மணித்தியாலம் போனது, நான் எடுத்து வைத்திருந்த மூன்று தட்டுகளுக்கு அன்று நேரம் இல்லை.

இரவலும் பிரதியும்

இரவல் கொடுக்கலாம், எல்லோருக்கும் அல்ல. அவருடைய பிளேயரை ஒரு தரம் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுப்பேன். உறவுக்காரர் ஒருவர் கேட்டார் என்று முகம் முறிக்க முடியாமல் எல்.பி. ஒன்று கொடுத்தேன், தேய்ந்த ஊசியில் ஒரு கிழமை ஓடித் திரும்பி வந்தது, இப்போது அதில் சரணமெல்லாம் இரைச்சல். பிழை அவர் மேல் இல்லை, பார்க்காமல் கொடுத்தது நான். ஒரு கொப்பியில் பெயர், திகதி, தட்டில் ஏற்கெனவே இருக்கிற கீறல் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே எழுதுங்கள், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. கொண்டுபோகும்போது நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும், படுக்க வைத்து மேலே சாமான் வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் ஆட்டோவின் பின் இருக்கையிலும் பஸ்ஸின் எஞ்சின் மூடியிலும் வைத்த தட்டு வீடு போய்ச் சேரும்போது அலை அலையாக இருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பிரதி கேட்பார்கள். யூ.எஸ்.பி. உள்ள பிரீ-அம்ப் ஒன்றும் ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளும் போதும். ஒலி அளவின் உச்சம் கழித்தல் ஆறு டெசிபலைத் தாண்டாமல் வைத்து, முழுப் பக்கத்தையும் ஒரே ஓட்டமாக வேவ் கோப்பில் பதியுங்கள், பிறகுதான் வெட்டுவது எல்லாம். பொரிச் சத்தத்தை நீக்குகிற வசதியை அளவோடு பாவியுங்கள், கூடிப் போனால் மிருதங்கத்தின் வலந்தலை நாதமும் சேர்ந்து போய்விடும். முழுப் பாட்டையும் பொதுவில் ஏற்றாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த வருடத்தில் இருந்து அறுபது ஆண்டு, நம்மிடம் இருக்கும் எழுபதுகளின் தட்டுகளுக்கு உரிமைக்காரர் இன்னும் இருக்கிறார். வீட்டுக்குள் கேட்கத் தங்கைக்கு அனுப்புவது வேறு. நான் பாட்டோடு சேர்த்து விறாந்தைச் சத்தத்தையும் கைபேசியில் ஒரு நிமிடம் பதிந்து அனுப்புவேன், ஆட்கள் கூடப் பாடுவது, அக்கா "அதையே இன்னொருக்கா போடுங்கோ தம்பி" என்று கேட்பது எல்லாம் அதில் வரும். ரொறன்ரோவில் இருக்கிறவர்கள் சுத்தமான பிரதியை விட அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

எல்லோரும் போன பிறகு பத்து நிமிட வேலை இருக்கிறது. ஊசியைப் பின்னால் இருந்து முன்னால் தூரிகையால் ஒரு தரம் தட்டிவிடுங்கள். தட்டுகளை உள்ளுறையில் இட்டு, உள்ளுறையின் வாய் மேலே பார்க்கும்படி வெளியுறைக்குள் தள்ளுங்கள், அப்போது தூசியும் போகாது, தட்டும் வழுக்கி விழாது. பிறகு அதே கொப்பியில், யார் எதைத் திரும்பப் போடச் சொன்னார் என்று எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அவர் படி ஏறி வரும்போது அந்தத் தட்டு மேசையில் முதலாவதாக இருக்கட்டும்.